ஈரத்துக்கு இடமில்லை

பூங்காவனத்தைப் பசுமைக் குழுவில் சேர்த்ததற்கு ஒரே காரணம் அவளுடைய பெயர். ஆம்பூருக்கு வெளியே, பெங்களூர் ரோட்டை ஒட்டியிருக்கும் அந்த ஷூ கம்பெனியில் முந்நூறு பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். அத்தனை பேர் பட்டியலையும் கம்ப்யூட்டரில் மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்த ஹரிஹரன், அந்தப் பெயரைக் கண்டதும் விரலை நிறுத்தினார்.

"பூங்காவும் இருக்கு, வனமும் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

பூங்காவனத்தின் வீட்டில் ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது. ஆசைப்பட்டு வைத்த கறிவேப்பிலைக் கன்றையும் பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்துவிட்டது. அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. தைத்து வரும் ஷூ மேல்பாகங்களில் நூல் பிசிறு பார்த்துக்கொண்டிருந்தவளை எழுப்பி, கழுத்தில் பச்சை நாடா ஒன்றை மாட்டி, ஏ.சி. அறைக்குக் கூட்டிப் போனார்கள்.

ஹரிஹரனுக்கு அந்தக் கம்பெனியில் 'நிலைத்தன்மை மேலாளர்' என்று பதவி. காட்பாடியில் பெரிய படிப்பு படித்தவர். நிலைத்தன்மை என்றால் என்னவென்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று வருடத்தில் அவருக்கு இது நாலாவது கம்பெனி என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். மழை விடாமல் தூறும் ஏதோ ஓர் ஐரோப்பிய ஊரில் உலகப் பசுங்காலடிப் பேரவை என்று ஒன்று இருக்கிறது. அந்த ஊரில் தோலும் கிடையாது, தோல் பதனிடும் நாற்றமும் கிடையாது. ஷூ வாங்கிப் போடுகிறவர்களின் மனசாட்சி உறுத்தாமல் பார்த்துக்கொள்வது அதன் தொழில். அது மார்க்குப் போட்டு, தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று முத்திரை கொடுக்கும். நம் கம்பெனியிடம் வெள்ளி இருந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரன் அடுத்த வருடத்திலிருந்து தங்கம் இருந்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டான். தங்கம் வராவிட்டால் ஷூ தைக்கும் இரண்டு லைனை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மூடினால் முதலில் போவது பூங்காவனம் இருக்கும் லைன்.

ஏ.சி. அறையில் ஹரிஹரன் பாடம் எடுத்தார்.

"பேரவையோட முதல் விதி: ஆவணம் இல்லாதது இல்லாதது. புரியுதாம்மா? இப்ப நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலி இருக்கா?"

"இருக்கு சார்."

"ஆதாரம்?"

"நான் அது மேலதானே சார் குந்தினு இருக்கேன்?"

"அது ஆதாரம் இல்லம்மா. அது அனுபவம்." ஹரிஹரன் பரிதாபமாகச் சிரித்தார். "அனுபவத்துக்கு மார்க்குக் கிடையாது."

பூங்காவனம் நாற்காலியின் கையை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

பேரவையின் மார்க்குப் பட்டியலில் 'மகளிர் நலத் தூய்மை வசதி' என்று ஓர் அத்தியாயம் இருந்தது. பச்சையாகச் சொன்னால் பாத்ரூம். கேன்டீனுக்குப் பின்னால் பெண்களுக்கு ஒரு பழைய பாத்ரூம் இருந்தது. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே போனவள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் போகலாம், வரலாம். அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் இல்லை, கட்டியபோது எடுத்த படமும் இல்லை. ஆகவே அது இல்லை என்று ஹரிஹரன் முடிவு செய்தார். இல்லாத கட்டடத்தில் மறுநாளே அட்டைப் பெட்டிகளை அடுக்கினார்கள்.

புதிதாக ஒன்று கட்டினார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. வெள்ளை டைல்ஸ், ஆள் உயரக் கண்ணாடி, சுவரில் தாமரைப் படம், தனியாக ஒரு தண்ணீர் மீட்டர். ரிப்பன் வெட்டி, படம் எடுத்து, கைதட்டித் திறந்தார்கள். அன்றைக்கு முழுக்கப் பெண்கள் போனார்கள், வந்தார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொருத்தி முகத்திலும் கல்யாண வீட்டுக்குப் போய் வந்த களை இருந்தது.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து தணிக்கையாளர் ரோஷினி மேடம் காரில் வந்து இறங்கினார். கையில் இலைப் படம் போட்ட எவர்சில்வர் பாட்டில். நேராகப் புதிய பாத்ரூமுக்குப் போனவர், வாசலிலேயே நின்றுவிட்டார். தரையில் தண்ணீர் இருந்தது.

"இது என்ன?"

"தண்ணி மேடம்," என்றாள் பூங்காவனம். "பொம்பளைங்க போய்ட்டு வந்தாங்க."

ரோஷினி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்க, ஈரம் வழுக்கும். ஈரம் கிருமி. ஈரம் இருக்குன்னா யாரோ பயன்படுத்தியிருக்காங்கன்னு அர்த்தம். பயன்பாடுதான் தூய்மைக்கு முதல் ஆபத்து. எங்க பேரவையில ஈரத்துக்கு இடமே இல்லை."

சொன்னது சத்தியமான வார்த்தை. பின்னால் நடந்ததைப் பார்த்தவர்கள் அந்த வார்த்தையில் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள்.

மார்க்குக் குறைந்தது. ஹரிஹரன் பதறிப்போய் முதலில் சீட்டு முறை கொண்டுவந்தார்: சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். அப்படியும் தரை காயவில்லை. பிறகு காலையில் மட்டும் என்றார். அப்புறம் கதவைப் பூட்டிவிட்டார். பூட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது. தரை பளிங்காக மின்னியது. முழு மார்க்கு.

முழு மார்க்குக்கு ஆதாரம் வேண்டுமே? அதற்குத்தான் பூங்காவனம். மணிக்கு ஒரு தரம் அவள் போய்ப் பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, காலில் பிளாஸ்டிக் உறை மாட்டி, உள்ளே போய்ப் படம் எடுத்துவர வேண்டும். கம்பெனி அதற்கென்றே ஒரு போன் கொடுத்திருந்தது. தேதிக்கு ஆதாரமாக அன்றைய பேப்பரைக் கழிப்புத் தொட்டியின் மேல் விரித்து வைத்து எடுக்க வேண்டும். ஆளைக் கடத்திக்கொண்டு போனவர்கள் படம் எடுத்து அனுப்புவார்களே, அந்த மாதிரி. அவள் எடுத்து முடிக்கும்வரை ஹரிஹரன் வெளியே நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முந்நூறு பெண்களில் தினம் பாத்ரூமுக்குள் போய் வருகிறவள் அவள் ஒருத்திதான். போகாமல் போய் வந்தாள். அடிவயிறு கல்லாகக் கனக்க, கண்ணெதிரே காலியாகக் கிடக்கும் பாத்ரூமைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவரும் கொடுமையை எந்தப் பேரவையும் எந்த அத்தியாயத்திலும் எழுதி வைக்கவில்லை.

ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை. பாய்லருக்குப் பின்னால் நீளமாக ஒரு சுவர் இருந்தது. சுவர் பட்டியலில் வரவில்லை.

பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். வீட்டில் விடிகாலையில் போய்விட்டு வந்தால், சாயங்காலம் பஸ் பிடித்து வீடு போய்த்தான். லைனில் வைத்த தண்ணீர்க் கேன்கள் வைத்தபடி இருந்தன. மத்தியானம் சோற்றைக் குழம்பு விட்டுப் பிசையாமல் பொடியைத் தொட்டுக்கொண்டு விழுங்கினார்கள். தோலைச் சீவும் மெஷினில் இருந்த ஹலீமா பீக்குச் சர்க்கரை வியாதி. அவள் பாடு ஜாஸ்தி பேஜார். ஆனால் அவளுக்கு வாய் மட்டும் என்றைக்கும் வற்றியதில்லை.

இந்தப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளில் ஒரு வார்த்தை குழந்தைக்குக்கூடத் தெரியும்: ஜீரோ டிஸ்சார்ஜ். தோல் பதனிட்ட கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்று சட்டம். அதற்காகக் கோர்ட்டும் கேஸும் மிஷினுமாக ஊரே அல்லாடியிருக்கிறது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஹலீமா பீ உரக்கச் சொன்னாள்:

"இன்னாத்துக்கு அவ்ளோ பெரிய பெரிய மிஷின் வெச்சானுங்க தோல் ஷாப்புல? எங்கள வந்து பாக்கச் சொல்லு. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டு வெளிய வுடல. நாங்கதான்டி அசல் ஜீரோ டிஸ்சார்ஜ்!"

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பது ஆபத்து என்பதால் சிலர் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தப் பக்கமாகப் போன ஹரிஹரன் நின்றார். அவர் சிரிக்கவில்லை. அறைக்கு ஓடிப் போய் மீட்டரின் படத்தை எடுத்துப் பார்த்தார். பூட்டியதிலிருந்து புதிய பாத்ரூமின் தண்ணீர்ச் செலவு பூஜ்யம். அன்று சாயங்காலமே பேரவைக்கு ஒரு விண்ணப்பம் போயிற்று: 'மனிதவள நிலையில் முழுமையான திரவ வெளியேற்றமின்மை – ஒரு முன்னோடி முயற்சி.'

ரோஷினி மேடம் போனிலேயே குதித்தாராம். உலகத்தில் எந்த ஷூ கம்பெனியும் இதைச் செய்ததில்லையாம். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்: பேரவையின் கொள்கை ஆண்டுதோறும் முன்னேற்றம், பூஜ்யத்திலிருந்து அடுத்த வருடம் எப்படிக் குறைப்பீர்கள்? ஹரிஹரன் ஆலோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

இதற்கு நடுவில் லைனில் ஒவ்வொருத்தியாக நெளிய ஆரம்பித்தாள். நீர்க்கடுப்பு. பூங்காவனத்துக்கும் எரிச்சல் தாங்க முடியவில்லை. ஷர்மிளாவின் பாடு அதைவிட மோசம். ஷர்மிளா தையல் மெஷினில் இருப்பவள், முதல் பிள்ளை, ஆறாவது மாதம். வயிற்றுப் பிள்ளை மூத்திரப்பையை உதைத்துக்கொண்டே இருந்தது.

"அக்கா, நீ உள்ள போறப்ப என்னையும் கூட இட்டுனு போக்கா. ஒரே ஒரு நிமிஷம்."

"அந்தாளு வாசல்லயே நிக்கறான்டி. மீட்டரு ஓடுனா லைனையே மூடிடுவேன்றான்."

சொல்லிவிட்டுப் பூங்காவனம் தன்னையே வெறுத்தாள்.

அவள் புகார்ப் பெட்டியில் எழுதிப் போட்டாள்: 'பாத்ரூமைத் திறந்து விடவும்.' மறுநாள் ஹரிஹரன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்டி வைத்த நாளிலிருந்து ஒரு புகாரும் வராததால் அந்த அத்தியாயத்தில் மார்க்கே இல்லாமல் இருந்ததாம். இப்போது புகார் வந்தாயிற்று, முழு மார்க்கு. தீர்த்து வைத்ததற்கு ஆதாரமாக, அவளே எடுத்த சுத்தமான பாத்ரூம் படத்தைப் புகாரோடு சேர்த்து ஒட்டி, 'வசதி மிகச் சிறந்த நிலையில் உள்ளது' என்று எழுதி முடித்துவிட்டார்.

நீர்க்கடுப்பு பரவியதும் மருத்துவ முகாம் வைத்தார்கள். முகாமுக்கும் மார்க்கு உண்டு. வேலூரிலிருந்து வந்த டாக்டரம்மா மைக்கைப் பிடித்து, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார்.

பூங்காவனம் எழுந்தாள். "குடிச்சா எங்க போறது டாக்டர்?"

டாக்டரம்மா ஹரிஹரனைப் பார்த்தார். ஹரிஹரன் போட்டோக்காரரைப் பார்த்தார். "அப்படியே நில்லும்மா. கையக் கொஞ்சம் தூக்கு. தொழிலாளர் கேள்வி கேட்கிறதுக்குத் தனி மார்க்கு இருக்கு."

அந்தப் படம் நன்றாக வந்தது. பேரவையின் வலைத்தளத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

தங்கம் வந்துவிட்டது. விழாவுக்குப் பந்தல் போட்டு, ஐரோப்பாவிலிருந்து பேரவைத் தலைவர் ஒருவரும் வந்தார். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்பது விதி. ஆகவே தலைவரும் ரோஷினி மேடமும் பிரியாணித் தட்டைக் கையால் தள்ளி மறுப்பதுபோல் முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு சாப்பிட்டார்கள்.

கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை தருவதற்கு ஆதாரமாக ஷர்மிளாவை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எழுந்து போகக் கூடாது, படத்தில் நாற்காலி காலியாகத் தெரியும்.

ரோஷினி மேடம் பேசினார்: "இந்தத் தொழிற்சாலைக்கு நான் வர்றதுக்கு முன்னாடி இங்க பெண்கள் இருந்தாங்க, ஆனா அவங்களைப் பத்தி தரவு இல்லை. இப்ப தரவு இருக்கு. நாங்க பெண்களைத் தரவுக்கு உயர்த்தியிருக்கோம்."

கைதட்டல்.

தொழிலாளர் சார்பில் பூங்காவனத்தைப் பேசச் சொன்னார்கள். அவள் மைக்கின் முன்னால் நின்று வெள்ளைக்காரத் தலைவரை நேராகப் பார்த்தாள்.

"ஐயா, எங்களுக்குப் பாத்ரூமத் தொறந்து வுடச் சொல்லுங்க. அடக்கி அடக்கி வயிறு வலிக்குது. தண்ணிய நெனச்சாலே பயமா கீது."

ஹரிஹரன் அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியும், ஏனென்றால் பிறகு அதைத் தமிழாக்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்: 'தங்களுக்குக் கதவுகள் திறக்கப்பட்டுள்ளன என்கிறார். அடக்கம் பழகிக்கொண்டதாகச் சொல்கிறார். தண்ணீர் என்றாலே ஒரு பயபக்தி வந்துவிட்டதாம்.' தலைவர் கண்கலங்கி எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததும் பந்தலே எழுந்தது.

ஷர்மிளா மட்டும் எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலிக்கு அடியில் சிவப்புக் கம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

பூங்காவனம் மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். விழாவில் தனக்குப் போர்த்தியிருந்த பச்சைச் சால்வையை எடுத்து ஷர்மிளாவின் மடிமேல் போட்டு மூடினாள். ஷர்மிளா சத்தம் வராமல் அழுதாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். கம்பெனி மொத்தமும் பார்க்க அவளை அப்படி உட்கார வைத்த ஆட்கள் மேடையில் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

ஹரிஹரன் குனிந்து வந்து பூங்காவனத்தின் காதில் சொன்னார்: "யாரும்மா பாட்டிலைக் கொட்டினது? சீக்கிரம் துடைக்கச் சொல்லு. போட்டோல ஈரம் விழும்."

பூங்காவனம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பசுமைக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவளிடம் இருந்த பயம் அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று.

விழா முடிந்ததும் தங்க முத்திரைப் பலகையை எங்கே மாட்டுவது என்று யோசித்தார்கள். சாதனை நடந்த இடமே பொருத்தம் என்றார் தலைவர். பாத்ரூம் கதவில் பாதியும் நிலையில் பாதியுமாகப் பலகையை வைத்து, நாலு மூலையிலும் திருகாணி முறுக்கினார்கள். இனி மூன்று வருடத்துக்குப் பாத்ரூமுக்குள் போய்ப் படம் எடுக்க வேண்டியதில்லை, பலகையைப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று ரோஷினி மேடம் சொல்லிவிட்டுக் கார் ஏறினார்.

மறுநாள் காலையில் பூங்காவனம் மெக்கானிக்கிடம் ஒரு திருப்புளி வாங்கினாள். எதற்கு என்று அவன் கேட்டான். பசுமைக் குழு வேலை என்றாள். பாத்ரூம் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. வாங்கி வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

நிலையின் பக்கம் இருந்த இரண்டு திருகாணிகளை மட்டும் கழற்றினாள். பூட்டைத் திறந்து இழுத்ததும் கதவு தங்கப் பலகையையும் சுமந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தது. ஹலீமா பீ கேன்டீன் குழாயிலிருந்து இரண்டு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கேன்டீன் மீட்டர் வேறு அத்தியாயம்.

"ஷர்மிளா, மொதல்ல நீ போடி."

பிறகு லைன் லைனாக வந்தார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் முண்டவில்லை.

ஹரிஹரன் மூச்சிரைக்க வந்தார்.

"யாரு திறந்தது? யாரைக் கேட்டுத் திறந்தீங்க?"

"இன்னா சார் தொறந்தது?" என்றாள் பூங்காவனம்.

"கதவும்மா! உள்ள போய்ட்டு வர்றாங்களே, நான் என் ரெண்டு கண்ணால பார்க்கிறேனே!"

"அது ஆதாரம் இல்ல சார்," என்றாள் அவள். "அனுபவம்."

ஹரிஹரன் மீட்டரைப் பார்த்தார், அது அசையாமல் நின்றது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"எடு சார், எடு," என்றாள் ஹலீமா பீ. "பொம்பளைங்க பாத்ரூம்ல போட்டோ புடிச்சேன்னு உன் பேரவைக்கு அனுப்பு. அதுக்கு எத்தினி மார்க்குன்னு நாங்களும் பாக்கறோம்."

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். நியாயமாகச் சொல்ல வேண்டும், ஹரிஹரன் ஏமாற்றுக்காரர் இல்லை. அதைவிட மோசம், நம்புகிறவர். கொஞ்ச நேரம் நின்று யோசித்ததில் அவர் முகம் தெளிந்துவிட்டது. படம் இல்லை, மீட்டர் ஓடவில்லை, கையெழுத்து இல்லை. ஆகவே எதுவும் நடக்கவில்லை. பலகை சாயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏ.சி. அறைக்குப் போய்விட்டார்.

அதற்கடுத்த அறிக்கையிலும் பாத்ரூம் தண்ணீர்ச் செலவு பூஜ்யம்தான். கேன்டீனில் மட்டும் தண்ணீர் மூன்று மடங்கு ஏறியிருந்தது. தொழிலாளர்களிடம் கை கழுவும் பழக்கம் வியக்கத்தக்க முறையில் வளர்ந்திருப்பதாக ரோஷினி மேடம் எழுதி, அதற்கும் மார்க்குப் போட்டார்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று மத்தியானம் ஷர்மிளா லைனில் வைத்திருந்த கேனிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரைப் பிடித்து, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். தாடை வழியாக வழிந்து கழுத்தெல்லாம் நனைந்தது. இன்னொரு செம்பு பிடித்து அதையும் குடித்தாள். பூங்காவனம் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கம்பெனி கொடுத்த போன் அவள் கையில்தான் இருந்தது. அவள் படம் எடுக்கவில்லை.